மரியாதைக்கு வாசனை கிடையாது

முனைவர் தெய்வசிகாமணி ஆய்வக வாசலில் நின்று லேசாகத் தொண்டையைச் செருமினால், கால் மைல் தள்ளியிருக்கும் தோப்பில் குரும்பைகள் உதிரும் என்று உடுமலைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். கால் மைலெல்லாம் கிடையாது. வேலியோரத்து மரங்களில்தான் உதிரும்.

அவர் இயக்குநராக இருந்த ‘பசுங்காவல்’ ஆய்வகத்தில் குளவி வளர்த்தார்கள். குளவி என்றதும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தி ஆளைத் துரத்தும் ஜாதியை நினைத்துவிடக் கூடாது. இது கடுகுக்கு அண்ணன், மிளகுக்குத் தம்பி. தென்னையைத் தின்று தீர்க்கும் கருந்தலைப் புழுவைத் தேடிப் போய், ஒரே கொட்டில் மரத்துப்போகச் செய்து, அதன்மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, அசையாமல் கிடக்கும் புழுவைப் பந்திச் சாப்பாடு போல ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் முடிக்கும்.

சாதாரணக் குளவிக்குப் பிறந்த வேளையில் மூக்கில் ஏறிய வாசனை சில நாள் நினைவில் நிற்கும், அப்புறம் போய்விடும். பசுங்காவல் செய்த காரியம், மரபணுவில் கைவைத்து அந்த மறதியைப் பிடுங்கி எறிந்தது. இந்தக் குளவி பிறந்தபோது முகர்ந்ததைச் சாகும்வரை மறக்காது. செத்த பிறகும் விடாது. பிள்ளைக்கும் பேரனுக்கும் அந்த வாசனையைச் சொத்தாக எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடும். ‘மோப்பி’ என்று பெயர் வைத்தார்கள். மோப்பியைப் பறக்கவிட்ட முதல் வருடம் தென்னைகள் காய்த்த காய்ப்பில் மரங்களுக்கே முதுகு வலி வந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று பொறாமைப்பட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த மோப்பிகள் பிறக்கும் விதத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. பொழுது விடிந்ததும் கூட்டுப்புழு உறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கதகதப்பு இருந்தால் எல்லாம் ஒன்றாக வரும். அதற்கு இன்குபேட்டர் எதற்கு, கரண்டு எதற்கு, கடவுள் கொடுத்த உள்ளங்கை இருக்கும்போது என்று தெய்வசிகாமணி ஒரு முறை கண்டுபிடித்தார். வேலைக்கு வரும் பெண்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயைக் கைக்குள் பொத்திப் பிடிக்க வேண்டும். குளவி எட்டிப் பார்த்ததும், தேனில் நனைத்த பஞ்சை விரலால் உருட்டிக் குழாய் வாயில் வைக்க வேண்டும். அந்த வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே அவர் முந்தின நாள் கணக்கைக் கேட்பார்.

கேட்பார் என்பது மரியாதைக்குச் சொன்னது. அவர் கேட்கிற கேள்வியில் சுவரில் இருந்த பல்லி வாலைத் தானே கழற்றி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும்.

“ஏம்மா துளசிமணி, உனக்குக் கையா, இல்ல உலக்கையா? எத்தனை குழாய் ஒடைச்சே நேத்து?”

“ஒன்னுதானுங் சார்…”

“ஒன்னுதானா? ஒன்னுக்குள்ள எத்தனை தென்னை மரம் இருக்குது தெரியுமா?”

துளசிமணியின் உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த விரலால் பஞ்சை உருட்டித் தேன் வைப்பாள். குழாய்க்குள் ஒரு குட்டி மோப்பி உலகத்தின் முதல் மூச்சை இழுத்து, முதல் சாப்பாட்டை நக்கும்.

இப்படி வருடக்கணக்காக நடந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. மோப்பி மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது.

முதலில் மாட்டியது மாரப்பன். மரமேறுவதில் சூரன், தரையில் நடந்தால்தான் அவனுக்குத் தலை சுற்றும் என்பார்கள். அன்றைக்குத் தெய்வசிகாமணியே தோப்புக்குப் போயிருந்தார். மாரப்பன் கொண்டையருகே போனபோது மலைப்பக்கமிருந்து ஒரு காற்றுத் திரண்டு வந்து மரத்தை வில்லாக வளைத்தது. சூரனும் ஒரு நொடி பயந்து மரத்தை இறுக்கிக் கட்டிக்கொள்ளத்தானே செய்வான்?

அந்த நொடியில், பக்கத்து மரங்களின் ஓலைகளுக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. சத்தமே இல்லை. புகை நேராக மாரப்பனிடம் போய் அவன் கைகளில் உட்கார்ந்தது.

“சார்! கை… கை எங்கீங் சார்? என்ர கையக் காணமுங்!” என்று மேலேயிருந்து அலறினான்.

கை இருந்தது. உணர்ச்சிதான் இல்லை. அவன் அலற அலற இன்னும் வந்தன. மரத்தைக் கட்டிக்கொண்டபடியே சறுக்கி, நெஞ்சுத் தோலை மரப்பட்டைக்குக் கொடுத்துவிட்டு, கடைசி உயரத்தில் பிடி விட்டு விழுந்தான். கால் எலும்பு முறிந்த சத்தம் தெய்வசிகாமணிக்குக் கேட்டது. மாரப்பன் மயங்கினான்.

அவன் மயங்கிய மறுகணம் குளவிகள் அத்தனையும் எழுந்து, வேலை முடிந்த ஆட்கள் போல ஓலைக்குத் திரும்பிப் போய்விட்டன. இதை நினைத்துத்தான் தெய்வசிகாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொட்டியது கூடப் பரவாயில்லை. ஏன் விட்டன?

அதற்கப்புறம் ஊரில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாதியை நம்பினால் போதும். தளி ரோட்டில் டவுன் பஸ் ஒன்று லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. ஜனங்கள் ‘முருகா’ என்று கத்தி முடிக்குமுன் ஜன்னல் வழியாக மோப்பிகள் ஏறிவிட்டன, டிக்கெட் எடுக்காமல். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் பாடவேளைக்கு முன்னாலேயே ஜன்னல் கம்பியில் வந்து வரிசையாகக் காத்திருந்தன. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்கும்போது, பெண்ணின் கழுத்தில் இரண்டு மோப்பிகள் உட்கார்ந்தன. “பொண்ணுக்கு என்னத்துக்கு பயம்? உள்ளுக்குள்ள என்னமோ இருக்குது, வாங்க போலாம்” என்று மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. புது ஆட்களைக் கண்டால் கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். மறுநாள் முழுக்க அந்த வீட்டு ஜன்னல் திறக்கவில்லை.

யார்மேல் மோப்பி உட்கார்ந்ததோ அவன் எதையோ மறைக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. விசாரணைக்குத் தீப்பெட்டியில் மோப்பியை அடைத்துக்கொண்டு போகிறார்கள் என்றுகூடக் கேள்வி. அம்மாக்கள் பிள்ளைகளிடம் “பயப்படாதே, பயப்படாதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைச் சொல்லிக் கேட்டதிலேயே பிள்ளைகளுக்குப் பயம் வந்தது. வந்த பயத்துக்கு மோப்பி வந்தது. மோப்பியைக் கண்டு பயம் இன்னும் வந்தது.

ஆய்வகத்தில் டாக்டர் நஸ்ரீன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். போத்தனூர்ப் பெண், குளவிகளின் மூக்கைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். அவர்தான் ஒரு நாள் காலை இரண்டு கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் வந்தார்.

“சார், உக்காருங்க. திட்டறதுன்னா கடைசியில மொத்தமா திட்டிக்கங்க.”

“என்ன அது அழுக்குத் துணி?”

“ரெண்டுமே துளசிமணியோட வேர்வைங்க சார். இது, நாலு ரவுண்டு மைதானத்த சுத்தி ஓட வச்சப்ப துடைச்சது. இது, காலை வரிசையில உங்க முன்னாடி நின்னப்ப துடைச்சது.”

மோப்பிகள் அடைத்த வலைப்பெட்டியின் இரண்டு பக்கத்திலும் கைக்குட்டைகளைப் பக்கத்துக்கொன்றாய் மாட்டினார். ஓடி வந்த வேர்வைப் பக்கம் ஒரு குளவியும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றப் பக்கத்து வலை கறுத்துவிட்டது.

“புழு கடிச்சா தென்னை ஒரு வாசனை விடும் சார். என்னைய திங்கறாங்க, வாங்கன்னு கூப்பிடற மாதிரி. புழுவோட எச்சத்துக்கு ஒரு வாசனை. அதெல்லாம் பிடிச்சுத்தான் இது வழி கண்டுபிடிக்குது. மனுசன் பயந்தாலும் வேர்வையில தனியா ஒரு வாசனை வரும். நமக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். மயங்கிட்டா பயம் நின்னுரும், அதான் மாரப்பன விட்டுட்டுப் போச்சு. நம்ம மோப்பி பொறந்ததும் முதல்ல மோந்தது அதைத்தான். அதோட சேர்த்துத்தான் தேனும் கெடைச்சுது. பயம் இருக்கற எடத்துல சாப்பாடு இருக்கும்னு பாடம் படிச்சிருச்சு. இது மறக்காது. நாமதான் மறதிய எடுத்துட்டமே.”

தெய்வசிகாமணியின் முகம் மிளகாய்ப் பழம் ஆனது. “என்ன சொல்ல வர்றீங்க? எம் முன்னாடி நிக்கறவங்க பயந்துட்டு நிக்கறாங்களா? அது மரியாதை!”

“மரியாதைக்கு வாசனை கிடையாதுங்க சார்,” என்றார் நஸ்ரீன். சொல்லும்போதே அவர் காதோரம் ஒரு மோப்பி வந்து உட்கார்ந்தது. பெட்டியிலிருந்து தப்பியது அல்ல. ஜன்னல் வழியாகப் புதிதாக வந்தது. அவர் அதை விரலால் தட்டிவிட்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

தெய்வசிகாமணி அன்றைக்கு இதை நம்ப மறுத்தார். ஒரு வாரத்தில் நம்ப வேண்டி வந்தது. விவசாயிகள் கூட்டம் ஒன்று கூப்பிட்டார்கள். மாரப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து மேடைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். “இவனுக்கு என்ன பதிலுங்க?” என்று ஒருவர் எழுந்தார். இன்னொருவர் எழுந்தார். கூட்டமே எழுந்தது. தெய்வசிகாமணி மைக்கை இறுக்கினார். தன்னை யாராவது திட்டினால் எப்படி நிற்பது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அக்குள் நனைந்தது.

அப்போது மேலே பார்த்தார். பந்தலின் தென்னங்கீற்று முழுவதும் அசைந்தது. காற்றில்லை.

விழித்தபோது ஆஸ்பத்திரி. முகத்தின் இடப்பக்கம் அவருடையதாக இல்லை. உதடு தொங்கிற்று. தண்ணீர் குடித்தால் பாதி உள்ளே, பாதி சட்டையில். அந்த இடிக்குரல் போய், வாய்க்குள் இட்லி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கொழகொழப்பு வந்தது. சரியாகிவிடும் என்றார் மருத்துவர், ஆனால் ஒன்றையும் சொன்னார்: “அடுத்த தடவை கழுத்துல இந்த அளவு கொட்டுச்சுன்னா மூச்சுக் குழாய் மரத்துரும். தாங்காது. பயப்படாம இருந்துக்கங்க.”

ஒருவனைச் சாகடிக்க இதைவிட நல்ல வாக்கியம் உண்டா? பயந்தால் சாவாய், ஆகவே பயப்படாதே! அன்றிலிருந்து தெய்வசிகாமணிக்குப் பயப்படுவதைத் தவிர வேறு தொழில் இல்லை. தேனீக்காரர்களின் வலைத் தொப்பி, கையுறை, கழுத்தைச் சுற்றி மூன்று துண்டு. வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்து ஓரத்தில் டேப் ஒட்டினார். சாவித் துவாரத்தைப் பஞ்சால் அடைத்தார். காரின் கண்ணாடியை இறக்குவதில்லை; வெயிலில் உள்ளே வெந்து, சட்டி மீன் மாதிரி வந்து இறங்குவார்.

“இதை அழிக்க வழியே இல்லையா?” என்று நஸ்ரீனிடம் கொழகொழத்தார்.

“ஒன்னு இருக்குது சார். பயம் கலக்காம ஒரு தலைமுறை பொறக்கணும். அதை லட்சக்கணக்கா பெருக்கி வெளிய விட்டா, பழசோட கலந்து, இந்தப் பாடம் கொஞ்சங்கொஞ்சமா அழிஞ்சுரும். ஆனா இங்க வெச்சு முடியாது. சுவரு, மேசை, குழாயெல்லாம் ஊறிப்போச்சு. வேற எடம் வேணும். தினமும் தேன் வெக்க ஒரு கை வேணும். அந்தக் கையில பயம் இருக்கக் கூடாது.”

“உங்க கை?”

“இது உங்ககிட்ட வேலை பாக்கற கை சார்.”

ஊரில் வேறு யார்? எல்லார் வீட்டிலும் இப்போது பயம் ஒரு விருந்தாளியாக வந்து, போகாமல் உட்கார்ந்திருந்தது. தெய்வசிகாமணி யோசித்தார். பளிச்சென்று முகத்தின் வலப்பாதி மலர்ந்தது.

“என் வீடு! என் சம்சாரம் கோகிலவாணி! அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு தடவை சத்தம் போட்டுப் பேசினதில்ல, எதுத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஒரு நாள் முகம் வாடினதில்ல. அந்த வீடு கோயில் மாதிரி. ஊசி விழுந்தாக் கேக்கும்.”

நஸ்ரீன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

கோகிலவாணி குளவிப் பெட்டியைப் பூஜையறைக்குப் பக்கத்து அறையில் வாங்கி வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மெலிந்த உடம்பு. வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை. “எப்படி வெக்கறதுன்னு ஒரு தடவை காட்டிருங்க கண்ணு” என்று நஸ்ரீனிடம் கேட்டு, பஞ்சை உருட்டிக் காட்டியதும் அதே மாதிரி உருட்டினார்.

“நல்லா வெக்கறீங்கம்மா.”

“வெக்கலீன்னா எப்படீங்?” என்றார் கோகிலவாணி. சிரித்த மாதிரித்தான் இருந்தது.

காலையில் கோகிலவாணி தேன் வைக்கும்போது தெய்வசிகாமணி வாசற்படியில் வலைத் தொப்பியோடு நின்று மேற்பார்வை பார்த்தார். குரல் பாதி திரும்பியிருந்தது. “பாத்து! பாத்து வை! இது விளையாட்டில்ல, என் உசிரு!” என்று வாரம் முழுக்கச் சொன்னார். நடுவில் ஒரு நாள் காப்பி டம்ளர் கோகிலவாணியின் விரலிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. “கையில உணர்ச்சி இருக்குதா இல்லியா உனக்கு?” என்று ஒரு போடு போட்டார். கோகிலவாணி குனிந்து துடைத்தார். என்ன பொறுமை பார், இவள் கையில் பிறக்கும் குளவி புத்தனாகத்தான் பிறக்கும் என்று தெய்வசிகாமணிக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வலையில் மோப்பிகள் வந்து மோதுவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அவர் எழுந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக வரும். சாப்பிட உட்காரும் நேரத்துக்கு வரும். சாயங்காலம் கார் வாசலுக்கு வரும் நேரத்துக்கு வரும். என்னைத் தேடித்தான் வருகின்றன, என் நேரத்தைத் தெரிந்து வைத்திருக்கின்றன என்று போர்வைக்குள் ஒடுங்குவார்.

புதுத் தலைமுறை பிறந்து பறக்கத் தயாரான காலையில் நஸ்ரீன் தன் கைக்குட்டைகளோடு வந்தார். கூடத்து மேசையில் பெட்டியை வைத்து, இரண்டு பக்கமும் மாட்டினார். தெய்வசிகாமணி வலைத் தொப்பியின் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தன் உயிர் இடப்பக்கம் போகிறதா, வலப்பக்கம் போகிறதா என்று இப்படிக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

குளவிகள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பயந்த வேர்வைப் பக்கம் பாய்ந்த வேகத்தில் வலை உப்பியது. ஆய்வகத்துக் குளவி நடந்து போய்ச் சேரும். இவை அம்பு மாதிரிப் போயின.

“கலந்திருச்சு!” என்று தெய்வசிகாமணி கத்தினார். “வெளிய இருக்கறது எப்படியோ உள்ள பூந்து கலந்திருச்சு! கோகிலா, எந்தக் கதவைத் தொறந்து போட்டே?”

“தொறக்கலீங்களே…”

“பின்ன எப்படி?”

வலைப்பெட்டிக்குள் இருந்த குளவிகள் அத்தனையும் அப்போது கைக்குட்டையை விட்டுவிட்டுத் திரும்பின. கோகிலவாணி நின்ற பக்கத்து வலையில் வந்து ஒட்டின. தெய்வசிகாமணி அதைப் பார்க்கவில்லை. டேப் பிய்ந்த ஜன்னலைத் தேடப் போய்விட்டார். நஸ்ரீன் பார்த்தார். கோகிலவாணியும் பார்த்தார். கோகிலவாணி மெல்ல ஒரு துணியை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினார்.

“அவருகிட்ட சொல்லாதீங்க கண்ணு,” என்றார் தாழ்ந்த குரலில்.

நஸ்ரீன் சொல்லவில்லை. “இன்னொரு பெட்டி கொண்டு வந்து வெக்கறேன், சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தெய்வசிகாமணி ஆய்வகத்திலிருந்து திரும்பினார். வெயில் இன்னும் இருந்தது. கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, வழக்கம்போல ஹாரனை அழுத்தினார். ஹாரன் கேட்டதும் கோகிலவாணி ஓடி வந்து கேட்டைத் திறக்க வேண்டும். அந்த வீட்டில் வெகுகாலச் சட்டம் அது.

ஹாரன் சத்தம் அடங்குவதற்குள் தோட்டத்துத் தென்னைகளிலிருந்து அந்தப் புகை கிளம்பியது.

தெய்வசிகாமணி கார் ஜன்னல்களைப் பார்த்தார். கண்ணாடி எல்லாம் ஏறியிருக்கிறதா? இருக்கிறது. ஏசித் துவாரத்தைக் கையால் பொத்தினார். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். வருகின்றன. காருக்கு நேராக வருகின்றன. இதோ கண்ணாடி…

குளவிகள் காரின் மேலே ஏறிக் கடந்து போயின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் போய், சமையலறை ஜன்னலில் அப்பிக்கொண்டன. கொசுவலை கறுத்துவிட்டது. அதற்குப் பின்னால், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவசரமாக ஓடும் ஓர் உருவம் நிழலாகத் தெரிந்தது.

கேட் திறந்தது. அவர் உள்ளே வரவில்லை. “ஒன்னுமில்ல, போ, ஒரு போன் பேசணும்” என்று கண்ணாடிக்குள்ளிருந்து சைகை காட்டினார். கோகிலவாணி உள்ளே போனார். நேரம் போயிற்று. ஜன்னல் மெல்ல வெளுத்தது. குளவிகள் ஒவ்வொன்றாகத் தென்னைக்குத் திரும்பின.

என்னதான் இருந்தாலும் மனிதர் விஞ்ஞானி. ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது. ஹாரனை இன்னொரு தடவை அழுத்தினார்.

தென்னை புகைந்தது. ஜன்னல் கறுத்தது.

ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அதைத் தொட்ட கை தன்னுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்தார். கொட்டிய தடத்தை மூடியிருந்த முழுக்கை ரவிக்கை ஞாபகம் வந்தது. உருண்டு போன டம்ளர் ஞாபகம் வந்தது. கையில உணர்ச்சி இருக்குதா இல்லியா உனக்கு? இல்லை. இருந்திருக்காது. வலையில் எங்கோ ஒரு துவாரம் இருந்திருக்கும். டம்ளரைப் பிடித்த விரல்கள் அன்றைக்கு மரத்துப்போய்த்தான் இருந்திருக்கும். வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் டேப் ஒட்டியவர், அப்புறம் சமையலறைப் பக்கம் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

உள்ளே போனார். தொப்பியைக் கழற்றிவிட்டு, தனக்குத் தெரிந்ததிலேயே மெதுவான குரலில், “கோகிலா” என்றார்.

கோகிலவாணி திடுக்கிட்டுத் திரும்பினார். சமையலறை வலையில் டப் டப்பென்று குளவிகள் வந்து விழுந்தன.

“நான் ஒன்னுமே சொல்லலையே…”

“அதானுங்க,” என்றார் கோகிலவாணி. “அதான் இன்னும் பயமா இருக்குது.”

மறுநாள் காலை நஸ்ரீன் புதுப் பெட்டியோடு வந்தபோது, தெய்வசிகாமணி கூடத்தில் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். நஸ்ரீனுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சார், இந்தப் பெட்டி பொறந்து முடியற வரைக்கும் நீங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாது. உங்க துணி, உங்க செருப்பு எதுவும்.”

“எத்தனை நாள்?”

“தெரியலைங்க சார். ஊறினது காயணுமில்ல?”

“வெளிய போனா என்னைக் கொட்டிச் சாகடிச்சிருமே…” என்றார் தெய்வசிகாமணி. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குரல் கெஞ்சலாக முடிந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். “நீ என்ன சொல்றே? நான் போகட்டுமா?”

கோகிலவாணி திரும்பினார். உள்ளே போனார். பரண் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிறம் மங்கிய ஒரு துணிப்பையோடு வந்தார். பையின் ஜிப் இழுபடாமல் முரண்டு பிடித்தது. திறந்ததும் கூடமெங்கும் ரசகற்பூர உருண்டை வாசனை அடித்தது. உள்ளே மடித்து வைத்த கோகிலவாணியின் துணிகள். இரண்டு சேலை, மடிப்பு பழுப்பேறியிருந்தது. ஒரு சீப்பு. ஒரு செம்புக் குங்குமச்சிமிழ். சின்னதாகிக் கரைந்து போன உருண்டைகளும், அவற்றின் மேல் போட்ட புது உருண்டைகளும், அவற்றின் மேல் போட்ட இன்னும் புது உருண்டைகளும்.

கோகிலவாணி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தார். கணவனின் நாலு சட்டையையும் வேட்டிகளையும் கொண்டு வந்து, அதே பையில், அதே நேர்த்தியோடு அடுக்கினார். மாத்திரையை மேலே வைத்தார். வலைத் தொப்பியையும் வைத்தார்.

“இந்தப் பை…” என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி.

“பிடி நல்லா இருக்குதுங்க. அறுகாது,” என்றார் கோகிலவாணி.

தெய்வசிகாமணி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். கார் சாவியைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு நடந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவர் சட்டைக் காலரில் முதல் மோப்பி உட்கார்ந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினார். தூக்கிய கையிலும் ஒன்று உட்கார்ந்தது. யாரையும் கூப்பிடாமல், மெதுவாக மூச்சுவிட்டபடி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

வீட்டில் நஸ்ரீன் கேட்டைச் சாத்திவிட்டு வந்தபோது, கோகிலவாணி சமையலறை ஜன்னலின் டேப்பைப் பிய்த்து, வலையைத் திறந்துகொண்டிருந்தார். தடுக்கப் போன நஸ்ரீன் நின்றார். தென்னையிலிருந்து வந்த ஒரே ஒரு மோப்பி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. அடுப்பைச் சுற்றியது. டம்ளர்களின் மேல் பறந்தது. கோகிலவாணியின் தலைக்கு மேலே வந்து, நின்று, உட்காராமல் திரும்பி, சுவரில் மோதி, மறுபடி சுற்றியது.

வழி தெரியாமல்தான்.